ஒற்றையா, இரட்டையா?

சிறு வயதில் புளியங்கொட்டைகளை உள்ளங்கையில் மூடிக்கொண்டு “ஒற்றையா, இரட்டையா?” என்று கேட்டு விளையாடாதவர் நம்மில் மிகச் சிலரே. சரியாகச் சொன்னவனுக்குக் கொட்டை சொந்தம். தவறாகச் சொன்னவன் தன் கையிலிருப்பதை எண்ணிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். இந்தச் சிறுபிள்ளை விளையாட்டின் மேல்தான் இன்று வீட்டிலும் அலுவலகத்திலும் எண்ணற்ற சேமிப்புக் கணிப்பொறிகளின் காவல் அமைந்திருக்கிறது என்றால் நண்பர்கள் நகைக்கக் கூடும். நகைக்க வேண்டா. அந்தக் காவலை அரைகுறையாகப் புரிந்துகொண்டு, முழுமையாக நம்பி, என் ஆயாவின் பாட்டு ஒன்றை இழந்தவன் நான். பிறர் அவ்வாறு இழக்கலாகாது என்பதற்காகவே நாணத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு சித்தூரில் இருக்கிறது. நான் படிப்பது திருப்பதியில். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 70 கிலோமீட்டர். 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாளுக்கு முன் இரண்டும் ஒரே மாவட்டம். இன்று இரண்டு மாவட்டங்களின் தலைநகரங்கள். எல்லைக்கோடு நம் பக்கத்து மக்களுக்குப் புதிதன்று. 1911-இல் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் நிலப்பகுதிகளை எடுத்துச் சித்தூர் மாவட்டத்தை அமைத்தார்கள். 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூர் ஆந்திரத்தில் நின்றது. கோடுகள் மாறிக்கொண்டே இருந்தன. ஆனால் சேற்றில் நின்று நாற்று நட்ட பெண்கள் எந்தக் கோட்டைக் கேட்டுப் பாடினார்கள்?

என் ஆயா அத்தகைய பெண்களில் ஒருத்தி. சித்தூரை அடுத்த சிற்றூரில் பிறந்தவள். எழுத்தறியாதவள். சந்தையில் தெலுங்கு பேசுவாள். வயலில் தமிழில் பாடுவாள். நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி என்று அவள் நெஞ்சில் இருந்தவற்றை எந்த நூலும் அச்சிட்டதில்லை. இறுதி ஆண்டுகளில் அப்பா தம் கைப்பேசியை அவள் முன் வைத்து, அவள் பாடப் பாடப் பதிவு செய்தார். ஆயா மறைந்தாள். பதிவுகள் எஞ்சின. அவற்றுக்கு ஒரு வீடு வேண்டுமே! அதற்காகவே நான் ஒரு சர்வர் அமைத்தேன்.

சர்வர் என்றதும் பெரிதாக எண்ண வேண்டா. பழைய கணிப்பொறிப் பெட்டி ஒன்று. அதற்குள் நான்கு வன்வட்டுகள். ஒவ்வொன்றும் 4 டெராபைட் கொள்ளும். மூன்றில் பாட்டும் படமும் பத்திரமும் இருக்கும். நான்காவது வட்டில் எந்தக் கோப்பும் இராது. அது பாரிட்டி வட்டு. அதாவது, ஒற்றையா இரட்டையா என்று கணக்குப் பார்க்கும் வட்டு.

அந்தக் கணக்கைச் சற்று விளக்குகிறேன். நான்கு சிறுவர்களை வரிசையாக நிறுத்துங்கள். முதல் மூவரும் தத்தம் கைக்குள் ஒரு புளியங்கொட்டை வைத்திருக்கலாம்; வெறுங்கையாகவும் இருக்கலாம். நான்காமவனுக்கு மட்டும் ஒரு விதி. நால்வர் கையிலும் உள்ளதைக் கூட்டினால் எப்போதும் இரட்டைப் படையே வர வேண்டும். சுழியும் இரட்டைப் படைதான். அதற்கேற்ப அவன் ஒரு கொட்டையை வைத்துக்கொள்வான், அல்லது வெறுங்கையாக நிற்பான். முதலாமவனிடம் ஒன்று, இரண்டாமவனிடம் இல்லை, மூன்றாமவனிடம் ஒன்று என்றால், கூட்டினால் இரண்டு. ஆகவே நான்காமவனுக்குக் கொட்டை தேவையில்லை. இப்போது இரண்டாமவன் வீட்டுக்கு ஓடிவிட்டான். அவன் கையில் என்ன இருந்தது? மற்ற மூவரையும் கை விரிக்கச் சொன்னால் போதும். அவர்களிடம் உள்ளவை இரண்டு; ஏற்கெனவே இரட்டைப் படை. எனவே ஓடியவன் வெறுங்கையன்! பார்க்காமலே சொல்லிவிட்டோம்.

கணிப்பொறி அறிந்ததெல்லாம் ஒன்றும் சுழியுமே. கொட்டை இருந்தால் ஒன்று, இல்லையென்றால் சுழி. 4 டெராபைட் வட்டு ஒன்றில் இப்படி 32 இலட்சம் கோடி இடங்கள் உண்டு. ஒவ்வோர் இடத்துக்கும் இதே ஆட்டம் நடக்கிறது. மற்ற வட்டுகளில் மிகப் பெரியது எதுவோ, அதற்குக் குறையாத கொள்ளளவு பாரிட்டி வட்டுக்கு வேண்டும் என்பதும் இதனால்தான். வரிசை நீளும் வரையில் கணக்கனும் உடன் வர வேண்டுமல்லவா?

இந்த ஏற்பாடு ஏன் வேண்டியதாயிற்று? 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் உலகின் முதல் வன்வட்டுக் கணிப்பொறியை வெளியிட்டபோது, 50 தட்டுகளைக் கொண்ட பெரிய அடுக்கில் 50 இலட்சம் எழுத்துகளே அடங்கின. பிறகு வட்டுகள் சிறுத்தன, மலிந்தன. விலையுயர்ந்த பெருவட்டு ஒன்றுக்குப் பதிலாக மலிவான சிறுவட்டுகள் பலவற்றை ஒன்றாகக் கட்டி வேலை வாங்கலாம் என்று 1988-இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் ஆகிய மூவரும் எழுதினார்கள். ஆனால் வட்டுகள் பெருகப் பெருக, அவற்றுள் ஏதோ ஒன்று பழுதுபடும் வாய்ப்பும் பெருகும். பத்து மாடு வைத்திருப்பவன் வீட்டில் என்றேனும் ஒரு மாட்டுக்கு நோவு இருக்கத்தானே செய்யும்? அதற்கு மாற்றாகவே கணக்கன் வட்டையும் உடன் நிறுத்தும் முறைகளை அவர்கள் எடுத்துரைத்தார்கள்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் கெட்டேன். அதுதான் கதை.

இவ்வாண்டு போகிக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். பெட்டியை ஒரு மூலையிலிருந்து மற்றொரு மூலைக்கு இழுத்து வைத்தார்கள். பொங்கல் முடிந்து நான் திருப்பதிக்குத் திரும்பிய மூன்றாம் நாள் அப்பா தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, ரெண்டாவது டிரைவுக்கு நேரா சிவப்புக் குறி நிக்குது. ஆனா அதிலே இருக்கிற படமெல்லாம் திறக்குது. என்ன மாயமோ தெரியல!”

அது மாயமன்று. ஓடிப்போன இரண்டாமவன் கையில் என்ன இருந்தது என்பதை மற்ற மூவரும் கணக்கிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெருமிதம் பொங்கியது. நான் அமைத்த காவல் அல்லவா? சனிக்கிழமை மாலைப் பேருந்தைப் பிடித்தேன்.

வீட்டில் மாமா இருந்தார். அவர் சித்தூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். கணிப்பொறி அறியாதவர். நான் பெட்டியைத் திறப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“மாப்பிள்ளை, மோட்டார் நின்னுபோச்சுன்னு கொண்டுவந்தா நான் முதல்ல வயரைப் பார்ப்பேன். அப்புறம்தான் காயிலைத் தொடுவேன். மத்த மூணும் எப்படி இருக்குதுன்னு ஒரு தடவை பார்த்துட்டு எதையும் செய்.”

முதற்பாதி பலித்தது. இரண்டாம் வட்டின் கேபிள் தளர்ந்து கிடந்தது. பெட்டியை இழுத்தபோது நெகிழ்ந்திருக்க வேண்டும். அழுத்தினேன். வட்டு உயிர் பெற்றது. வட்டுக்கு ஒரு நோயும் இல்லை! மகிழ்ச்சியில் மாமா சொன்ன மறுபாதியை மறந்தேன். ஒருமுறை விலக்கி வைத்த வட்டைச் சர்வர் தானாகச் சேர்த்துக்கொள்ளாது. அதைத் துடைத்துவிட்டு, மற்ற மூன்றையும் படித்து, கணக்கிட்டு, மீண்டும் எழுத வேண்டும். “மீட்டெழுதுக” என்ற பொத்தான் கண் முன்னே இருந்தது. அழுத்தினேன். உண்டேன். உறங்கினேன்.

எட்டு மணி நேரத்துக்கு மேல் அந்த வேலை நடந்தது. காலையில் பார்த்தேன். வேலை முடிந்திருந்தது. ஆனால் மூன்றாம் வட்டுக்கு நேரே ஒரு வரி: சில இடங்களைப் படிக்க இயலவில்லை.

நண்பர்களே, நடந்தது என்னவென்று எண்ணிப் பாருங்கள். மூன்றாம் வட்டு பல திங்களாகவே மெல்ல மெல்ல நோயுற்றிருந்தது. படிக்க முடியாத சில இடங்கள் அதில் இருந்தன. இரண்டாம் வட்டு நலமாக இருந்தவரையில் அது பெருங்குறை அன்று. இரண்டாமவன் கையைப் பார்த்து மூன்றாமவன் கையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நானோ நலமாக இருந்த இரண்டாம் வட்டின் மேலேயே புதிதாக எழுதச் சொன்னேன். மூன்றாமவன் கை திறவாத இடங்களில், இரண்டாமவனுக்கு என்ன எழுதுவது என்று சர்வருக்குத் தெரியவில்லை; ஏதோ எழுதியது. அவ்விடங்களில் இருந்த மெய்யான பதிவு அந்த இரவில் அழிந்தது. மெய்யைத் துடைத்துவிட்டுப் பொய்யை எழுதியவன் நான். ஒரே வரிசையில் இருவர் கை தெரியாமற் போனால், எந்தக் கணக்கனாலும் மீட்க முடியாது.

அந்த வரிசைகளில் என்ன இருந்தது? இரண்டாம் வட்டில், எங்கள் மனைப் பத்திரத்தின் படம். மூன்றாம் வட்டில், ஒன்பது நிமிட நடவுப் பாட்டு. பத்திரத்துக்கு நான் கவலைப்படவில்லை. மூலத்தாள் பீரோவில் இருந்தது; அன்றே மீண்டும் படம் எடுத்துக்கொண்டேன். பாட்டுக்குப் பீரோ இல்லை. அப்பாவின் பழைய கைப்பேசியை எப்போதோ மாற்றிவிட்டோம். இப்போது அந்தப் பதிவை ஒலிக்கவிட்டால் மூன்றாம் நிமிடம் வரை ஆயா பாடுகிறாள். அதன் பிறகு கரகரப்பு. அப்பா அதை ஒருமுறை கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வெளியே போனார். வைதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் செய்திருக்க வேண்டியது என்ன? பிறகு பல நாள் அமர்ந்து கற்றேன். கற்றதைச் சுருக்கிச் சொல்கிறேன்.

முதலில், கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். சிவப்புக் குறி கண்டவுடன் எதையும் எழுதக் கூடாது. பல சர்வர்களில் நிகழ்ச்சிக் குறிப்பு நினைவகத்தில் மட்டுமே இருக்கும். அணைத்து ஏற்றினால் மறைந்துவிடும். ஆகவே அணைப்பதற்கு முன் அதைப் படியெடுத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு வயர். ஒவ்வொரு வட்டும் தன் உடல்நிலையைத் தானே குறித்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பேட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். அதில் 199 என்ற எண்ணுக்கு நேரே உள்ள தொகை ஏறியிருந்தால், செய்தி வழியில் சிதைகிறது என்று பொருள். குற்றம் பெரும்பாலும் கேபிளில் இருக்கும், வட்டில் இராது. அந்தத் தொகை ஒருமுறை ஏறினால் இறங்காது. கேபிளை மாற்றிய பின் மேலும் ஏறுகிறதா என்றே பார்க்க வேண்டும். ஆனால் 5, 197, 198 ஆகிய எண்களுக்கு நேரே தொகை ஏறினால் நோய் வட்டிலேயே இருக்கிறது. 5 என்பது கெட்டதால் ஒதுக்கி மாற்றிடம் தந்த பகுதிகள். 197 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பகுதிகள். 198 என்பது முயன்றும் திருத்த முடியாதவை. எங்கள் மூன்றாம் வட்டில் 197-க்கு நேரே 16 என்று நின்றிருந்தது. அது எத்தனை நாளாக நின்றதோ! எச்சரிக்கைச் செய்திகள் தொல்லையாக இருக்கின்றன என்று அவற்றை நிறுத்தி வைத்தவனும் நானே.

மூன்றாவதாக, நோயுற்றதை மட்டும் பார்ப்பது போதாது. நலமாக இருப்பவற்றையும் பார்க்க வேண்டும். மீட்டெழுதும்போது உழைப்பவை அவைதாமே! சாதாரண வன்வட்டுகளுக்கு உற்பத்தியாளர் பலர் தரும் கணக்கு ஒன்று உண்டு: ஒன்றுக்குப் பின் 14 சுழி இட்ட அளவு பிட்டுகளைப் படித்தால், படிக்க முடியாத பிழை ஒன்றுக்கு மேல் நேராது என்பது. அவ்வளவு பிட்டுகள் என்றால் 12.5 டெராபைட். எங்கள் வீட்டில் அன்றிரவு படிக்கப்பட்டவை மூன்று வட்டுகள். ஆக 12 டெராபைட். அது மேல் எல்லைதான். ஒவ்வொரு முறையும் பிழை வந்தே தீரும் என்பதன்று. எனினும் அந்த இரவு விளையாட்டான இரவு அன்று என்பதை அந்தக் கணக்கு உணர்த்துகிறது.

நான்காவதாக, எது மீண்டும் கிடைக்காததோ அதை முதலில் வேறிடத்துக்குப் படியெடுக்க வேண்டும். அதன் பிறகு புதிய வட்டு ஒன்றை வாங்கி அதில் மீட்டெழுத வேண்டும். பழைய வட்டைத் தொடாமல் எடுத்து வைக்க வேண்டும். அன்று நான் அவ்வாறு செய்திருந்தால், மீட்டெழுதியதில் பிழை வந்தாலும், கேபிள் மட்டுமே கெட்டிருந்த அந்தப் பழைய வட்டில் மெய்ப்பதிவு அப்படியே இருந்திருக்கும். ஒரு புது வட்டின் விலையைப் பார்த்தேன். ஆயாவின் குரலை விலையாகக் கொடுத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திங்களுக்கு ஒருமுறை நால்வர் கையையும் விரிக்கச் சொல்லிக் கூட்டிப் பார்ப்பதற்குப் பாரிட்டிச் சோதனை என்று பெயர். எங்கள் வீட்டில் அது பதினொரு திங்களாக நடக்கவில்லை. கோடையில் சர்வர் சூடாகிறது, மின்சாரம் போய்ப் போய் வருகிறது என்று நிறுத்தி வைத்தோம். மழை வந்தும் மறந்தோம். அந்தச் சோதனையிலும் ஒரு நுட்பம் உண்டு. கூட்டு ஒற்றைப் படையாக வந்தால் யாரோ ஒருவன் பொய் சொல்கிறான் என்று தெரியும்; யார் என்று தெரியாது. கணக்கன் வட்டு ஒன்று மட்டும் இருக்கையில் ஆளைக் காட்டிக் கொடுக்க வழியில்லை. ஆகவே முதற்சோதனையில் திருத்தி எழுதச் சொல்லாமல், பார்த்து மட்டும் சொல்லச் சொல்வதே அறிவுடைமை. பொய்யனுக்கு ஏற்ப மெய்யனின் கணக்கை மாற்றிவிடக் கூடாதல்லவா?

இவையெல்லாம் தொழில்நுட்பம். இதற்கு மேல் நான் சொல்ல விரும்பும் கருத்து ஒன்று உண்டு. அதற்காகவே இவ்வளவும் சொன்னேன்.

பாரிட்டி என்பது காவல், நகல் அன்று.

காவற்காரன் வீட்டைக் காப்பான். ஆனால் வீடே எரிந்தால் அவன் கையில் வேறொரு வீடு இல்லை. நீங்கள் தவறுதலாக ஒரு பாட்டை அழித்தால், கணக்கன் அந்த நொடியே தன் கணக்கையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறான். திருட்டு மென்பொருள் ஒன்று புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டால், பூட்டியதையே பணிவோடு காக்கிறான். பெட்டியைத் திருடன் தூக்கிச் சென்றால் நால்வரும் சேர்ந்தே போகிறார்கள். “இரண்டு பாரிட்டி வட்டுகள் வைத்தால்?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். வைக்கலாம், இருவர் ஓடினாலும் வேறொரு கணக்கால் மீட்கலாம், நல்லதே. ஆனால் அதுவும் அதே பெட்டிக்குள் இருக்கும் காவல்தான். “இணையத்தில் வாடகைக்கு இடம் கிடைக்கிறதே?” என்றார் மற்றொருவர். அதுவும் ஒரு நகல்தான், வைத்துக்கொள்ளுங்கள். அது ஒன்றே போதும் என்று மட்டும் எண்ணாதீர்கள். வாடகை தவறினாலும், பூட்டுச்சொல் மறந்தாலும், வாசல் அடைபடும்.

திருப்பதியில் படிக்கும் நமக்கு இதற்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. தலை நிமிர்ந்தால் மலை தெரிகிறது. அந்த மலைக்கோயிலில் தாள்ளபாக்கம் அன்னமாசாரியாரின் பாடல்களைச் செப்பேட்டில் வெட்டிக் கல்லறை ஒன்றுக்குள் வைத்திருந்தார்கள். 1922-ஆம் ஆண்டையொட்டி அவை வெளிவந்தபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகள் கிடைத்தன. செம்பைக் கறையான் அரிக்கவில்லை, நீர் கரைக்கவில்லை. முன்னோரின் அந்தத் தொலைநோக்கை வணங்குகிறேன். ஆனால் அவர் பாடியவை 32,000 என்று சொல்லப்படுகிறது. நமக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 12,000. உறுதியான பொருள், இருக்கும் ஏட்டைக் காத்தது. இல்லாமற் போன ஏட்டை அதனால் திருப்பித் தர முடியவில்லை.

ஓலையைப் பாருங்கள். செம்போடு ஒப்பிட்டால் அது எளிய பொருள். பூச்சி தின்னும், முனை முறியும். ஆயினும் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட முடிந்தது எவ்வாறு? ஓர் ஊர்ச் சுவடியில் சிதைந்திருந்த வரி வேறோர் ஊர்ச் சுவடியில் பிழைத்திருந்தது. பல ஊர்களில் பலர் படியெடுத்து வைத்திருந்தார்கள். அவர் ஊர் ஊராக அலைந்து ஒப்பிட்டார். படியெடுக்கும் வழக்கம் இருந்தவரையில் ஓலை நிலைத்தது. படியெடுப்பதை விட்டுவிட்டுப் பழைய ஏட்டை ஆற்றில் மட்டும் விட்ட இடங்களில் நூல்கள் மறைந்தன. பொருளின் உறுதியைவிட நகலின் எண்ணிக்கையே நம் இலக்கியத்தைக் காத்தது என்பேன்.

ஆகவே, எத்தனை நகல்? எங்கெங்கே? கணிப்பொறித் துறையினர் நெடுநாளாகச் சொல்லும் விதி எளிது: மூன்று படிகள், அவை இரண்டு வகைப் பொருளில், அவற்றுள் ஒன்று வேற்றூரில். வேற்றூர் ஏன்? 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியதையும் வீடுகளுக்குள் நீர் புகுந்ததையும் இந்நகர மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். தரையில் வைத்த பெட்டி நீரில் மூழ்கினால், ஒற்றையும் இல்லை, இரட்டையும் இல்லை.

இங்கேதான் நம் மன்றத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. நம்மில் பலர் சித்தூர், பலமநேர், குப்பம், புத்தூர், நகரி எனப் பல ஊர்களிலிருந்து வந்து இங்கே தங்கிப் படிக்கிறோம். ஒவ்வொருவர் வீட்டிலும் ஓர் ஆயாவோ தாத்தாவோ இருக்கிறார்; அல்லது அவர் குரல் ஒரு கைப்பேசிக்குள் இருக்கிறது. தமிழில் பாடி, தெலுங்கில் கணக்குச் சொல்லி, இரண்டிலும் வைதவர்கள் அவர்கள்! அவர்கள் பாட்டை யாரோ ஒருவர் வந்து பதிவு செய்வார் என்று காத்திருப்பதா? நாமே செய்வோம். செய்ததை ஒரே இடத்தில் வைத்துவிட்டு நிம்மதியாக உறங்காமல் இருப்போம்.

என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வோர் உறுப்பினரும் தம் வீட்டின் மீண்டும் கிடைக்காத பதிவுகளை மட்டும் ஒரு சிறு வெளிவட்டில் படியெடுத்து, பூட்டுச்சொல் இட்டு, வேற்றூர் நண்பர் ஒருவரிடம் கொடுக்க வேண்டும். அவருடையதைத் தாம் வாங்கி வைக்க வேண்டும். செலவு ஒரு வட்டு, உதவி இருவருக்கு. அந்த வட்டு கணிப்பொறியோடு எப்போதும் இணைந்திருக்கக் கூடாது. வட்டின் மேல் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்ட வேண்டும். திங்கள்தோறும் முதல் ஞாயிறன்று ஒரு கோப்பையேனும் திறந்து, தொடக்கம் முதல் இறுதி வரை கேட்க வேண்டும். திறந்து பாராத நகலை நகல் என்று சொல்லலாகாது. அது நம்பிக்கை மட்டுமே.

“இத்தனை தொல்லை எதற்கு? போனால் போகிறது, ஒரு பாட்டுத்தானே?” என்று யாரேனும் கேட்பீர்களாயின், நான் சினங்கொள்ள மாட்டேன். என் அப்பா எழுந்து போனதைப் பார்க்காதவர்கள் கேட்கலாம்.

ஒரு செய்தியோடு முடிக்கிறேன். திருப்பதியில் வாழும் என் அத்தையிடம் நடந்ததைச் சொன்னேன். எஞ்சிய மூன்று நிமிடப் பதிவை ஒலிக்கவிட்டேன். கரகரப்புத் தொடங்கிய இடத்தில் நிறுத்தப் போனேன். அத்தை கையை நீட்டித் தடுத்தார். விட்ட இடத்திலிருந்து தாமே பாடத் தொடங்கினார். தாயோடு சேற்றில் இறங்கியவர் அல்லவா? முழுவதும் நினைவில்லை. இடையே சில அடிகள் தவறின. “இதுக்கு மேலே அம்மாவுக்குத்தான் தெரியும்” என்று நிறுத்திக்கொண்டார். யாரும் திட்டமிட்டு வைக்காத நகல் ஒன்று வேற்றூரில், ஒரு நெஞ்சில் இருந்திருக்கிறது!

அதைப் பதிவு செய்தேன். சித்தூரில் ஒன்று, திருப்பதியில் ஒன்று, இணையத்தில் ஒன்று என மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன். சித்தூர்ப் பெட்டிக்குள் மூன்றாம் வட்டை மாற்றியாயிற்று. எல்லாக் கேபிள்களும் புதியவை. கணக்கன் வட்டு தன் வேலையைச் செய்கிறது. ஆனால் அவனை நம்பி இப்போது நான் உறங்குவதில்லை. முதல் ஞாயிறன்று அப்பா அங்கே கேட்கிறார். நான் இங்கே கேட்கிறேன். பிறகு ஒருவரையொருவர் அழைத்து, “சரியா இருக்குதா?” என்று கேட்டுக்கொள்கிறோம்.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பாட்டு எத்தனை இடங்களில் இருக்கிறது? ஒற்றையா, இரட்டையா? ஒற்றை என்பது விடையானால், இந்த இதழை மூடிவிட்டு இன்றே எழுந்து செல்லுங்கள்.